காலில் வட்டம், நெகட்டிவ் என்று வந்த ரத்தம், அடுப்பில் நிலவேம்பு

மலேசியாவின் பட்டர்வொர்த்தில் இருக்கும் ஒரு தாய் கேட்டிருக்கிறார். மகள் படிப்பின் ஒரு பகுதியாக அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் மூன்று மாதம் தங்கிவிட்டு, ஜூன் கடைசியில் வீடு திரும்பினாள். வந்த அடுத்த வாரம் முழங்காலுக்குப் பின்னால் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வட்டம். படர்தாமரை என்று நினைத்துக் களிம்பு பூசினார்கள். மூன்று வாரத்தில் அது தானாக மறைந்தது. நடுவில் யாரோ லைம் நோய் (உண்ணி கடித்து வரும் கிருமி நோய்) என்று பயமுறுத்த, வட்டம் வந்த எட்டாம் நாள் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். நெகட்டிவ். இப்போது ஏழாவது வாரம். ஓயாத அசதி, அதே முழங்காலில் லேசான வீக்கம். நாத்தனார் நிலவேம்புக் கஷாயம் கொடுக்கச் சொல்கிறார். மூலிகை விற்கும் ஒருவர் ‘பூனை நகம்’ என்ற கொடியின் சாறு மூன்று புட்டி 680 மலேசிய வெள்ளி என்கிறார். ரத்தம் மறுபடியும் எடுக்க வேண்டுமா, கஷாயம் கேட்குமா, மாத்திரையோடு சேர்த்துக் கொடுக்கலாமா என்பது அவருடைய கேள்வி.

நான் டாக்டர் இல்லை. பினாங்கில் முப்பது வருடம் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஆள். மருந்து எழுதுவது டாக்டரின் வேலை, அதில் நான் கை வைக்கவில்லை. ஆனால் நெகட்டிவ் என்ற அந்த வார்த்தை தாளில் எப்படி ஏறுகிறது என்பது எனக்கு நன்றாகத் தெரியும். எங்கள் வீட்டு அடுப்பிலும் பாட்டி காலத்திலிருந்து நிலவேம்பு கொதித்துக்கொண்டுதான் இருக்கிறது. அதனால் இரண்டு பக்கமும் கொஞ்சம் பேசலாம்.

முதலில் அந்த நெகட்டிவ். அதை நம்பி நிம்மதியாக இருக்க முடியாது. ஏன் என்று சொல்கிறேன்.

லைம் நோய்க்கு வழக்கமாகச் செய்யும் முதல் பரிசோதனை எலைசா. ஒரு பிளாஸ்டிக் தட்டு, அதில் 96 சின்னக் குழிகள், பணியாரச் சட்டியைச் சுருக்கி வைத்த மாதிரி. குழிகளின் அடியில் கிருமியின் புரதத்தை முன்கூட்டியே ஒட்டி வைத்திருப்பார்கள். உங்கள் மகளின் ரத்தத்திலிருந்து பிரித்த சீரத்தை நீர்க்கச் செய்து ஒரு குழியில் விடுவோம். அந்தக் கிருமிக்கு எதிராக அவள் உடம்பு எதிர்ப்புப் புரதம் செய்திருந்தால் அது போய் ஒட்டிக்கொள்ளும். பிறகு கழுவுவோம். ஒட்டாததெல்லாம் போய்விடும். கடைசியில் நிறம் காட்டும் திரவம். ஒட்டியது இருந்தால் குழி நீலமாகும், அமிலம் விட்டதும் மஞ்சளாகும். இயந்திரம் அந்த மஞ்சளின் அடர்த்தியை அளந்து ஒரு எண் கொடுக்கும். அந்த எண் ஒரு கோட்டுக்குக் கீழே இருந்தால் நெகட்டிவ்.

இதில் கிருமியை யாரும் தேடவே இல்லை, கவனித்தீர்களா? உடம்பு அதைப் பார்த்துப் பதில் கொடுத்ததா என்றுதான் பார்க்கிறோம். அந்தப் பதில் ரத்தத்தில் தெரியச் சில வாரங்கள் பிடிக்கும். தோலில் வட்டம் இருக்கும் நாட்களில் எடுத்தால், உண்மையாகவே நோய் உள்ளவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு நெகட்டிவ்தான் வரும். அதனால்தான் அமெரிக்க மருத்துவ வழிகாட்டிகள், நோய் பரவும் ஊருக்குப் போய் வந்தவருக்கு அந்த வட்டம் இருந்தால் ரத்தமே எடுக்க வேண்டாம், பார்த்தவுடன் மருந்தைத் தொடங்கு என்கின்றன. எட்டாம் நாள் எடுத்த உங்கள் தாள் பொய் சொல்லவில்லை. கேட்ட நேரம்தான் சரியில்லை.

‘அப்படியானால் கிருமியையே நேரடியாகத் தேடலாமே’ என்று கேட்பீர்கள். கிருமியின் மரபணுவைத் தேடும் பிசிஆர் என்று ஒன்று இருக்கிறதுதான். ஆனால் இந்தக் கிருமி ரத்தத்தில் அதிகம் மிதப்பதில்லை, சீக்கிரமே திசுவுக்குள் போய்விடும். ரத்தத்தில் பிசிஆர் செய்தால் பெரும்பாலும் வெறுங்கைதான். வீங்கிய முழங்காலில் இருந்து எடுத்த நீரில் செய்தால் பலன் உண்டு. அந்த யோசனை மூட்டு டாக்டரிடமிருந்து வர வேண்டும்.

வட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் நம் ஆட்கள் ஏமாறும் இடம் இது. புத்தகங்களில் போடும் படம் வெள்ளைத் தோலில் அம்பு எய்யும் இலக்குப் பலகை மாதிரி, நடுவில் சிவப்பு, சுற்றி வெளுப்பு, மறுபடி சிவப்பு. அமெரிக்காவிலேயே எல்லோருக்கும் அப்படி வருவதில்லை. வெறும் ஒரே நிறத் திட்டாக விரிவதுதான் அதிகம். நம் மாநிறத்தில் சிவப்பும் தெரியாது. கன்றிப்போன மாதிரி, கொஞ்சம் ஊதா கலந்த கருப்பாகத் தெரியும். படர்தாமரைக்கு ஓரம் செதில் செதிலாக இருக்கும், அரிக்கும். இது வழவழப்பாக இருக்கும், தொட்டால் லேசாகச் சுடும், பெரும்பாலும் அரிக்காது, நாளுக்கு நாள் விரியும். கடித்த 3 முதல் 30 நாளுக்குள் வரும், 5 சென்டிமீட்டருக்கு மேல் போகும். மருந்து போட்டாலும் போடாவிட்டாலும் சில வாரத்தில் மறைந்துவிடும் என்பதுதான் இதன் தந்திரம். சீமை அகத்தி இலையை அரைத்துப் பூசினால் படர்தாமரை போகும் என்று தோட்டத்தில் எல்லோருக்கும் தெரியும், மலாய்க்காரர்களும் கெலெங்காங் என்று அதையே பூசுவார்கள். அதைப் பூசி லைம் வட்டமும் மறைந்தால், குணமாக்கிய பெயர் இலைக்குப் போய்விடும், கிருமி உள்ளே போய்விடும்.

நோய்க்குப் பெயர் கொடுத்ததே கனெக்டிகட்டில் உள்ள லைம் என்ற ஊர். 1975ல் அங்கே பிள்ளைகளுக்கு வரிசையாக மூட்டு வீக்கம் வந்தபோது, பாலி மரே என்ற தாய் ‘இத்தனை பிள்ளைகளுக்கு ஒரே சமயத்தில் எப்படி’ என்று மாநில சுகாதாரத் துறையிடம் விடாமல் கேட்டார். ஆலன் ஸ்டீர் என்ற டாக்டர் ஆராயத் தொடங்கினார். வில்லி பர்க்டோர்ஃபர் 1981ல் உண்ணியின் குடலில் சுருள் சுருளான கிருமியைக் கண்டார். பொரிலியா பர்க்டோர்ஃபெரி என்ற பெயர் அவரால் வந்தது. உங்கள் மகள் இருந்த மாதங்களும் அங்கே குட்டி உண்ணிகள் கடிக்கும் மாதங்கள். கசகசா அளவுதான் இருக்கும், கடித்தது தெரியாது. ஆகவே ‘உண்ணியைப் பார்க்கவே இல்லையே’ என்பது ஆறுதல் ஆகாது. ஊரும் மாதமும் வட்டமும் சேர்ந்து வந்திருக்கின்றன. கூடவே இப்போது முழங்கால், இந்த நோய் அதிகம் தேடிப் போகும் மூட்டு.

சரி, இப்போது மறுபடி எடுக்கலாமா? எடுக்க வேண்டும். ஏழாவது வாரம் நல்ல சமயம். ஆனால் எப்படி எடுப்பது, எப்படி வாசிப்பது என்று தெரிந்துகொண்டு போங்கள்.

பரிசோதனை இரண்டு படி. எலைசா பாசிட்டிவ் அல்லது சந்தேகம் என்றால்தான் இரண்டாவது படியான வெஸ்டர்ன் பிளாட். இதைப் பார்த்தவர்கள் குறைவு, அதனால் சொல்கிறேன். வெள்ளைத் தாள் மாதிரி ஒரு சவ்வு, ஒல்லியான நாடா மாதிரி நறுக்கிய துண்டு. அதில் கிருமியின் புரதங்கள் எடைவாரியாகப் பிரித்துப் பதிக்கப்பட்டிருக்கும், வெறும் கண்ணுக்குத் தெரியாது. சீரத்தில் ஊறவைத்து, கழுவி, நிறம் ஏற்றினால் கோடுகள் எழும்பும், சில அழுத்தமாக, சில ‘இருக்கிறதா இல்லையா’ என்று விளக்கடியில் சாய்த்துப் பார்க்கும் அளவுக்கு மங்கலாக. மங்கல் கோட்டை வைத்து நானும் கூட வேலை பார்த்தவரும் வாக்குவாதம் செய்த நாட்கள் உண்டு. அதனால்தான் கணக்கு ஒன்று வைத்தார்கள். 1994ல் அமெரிக்காவின் டியர்பார்ன் நகரில் கூடி முடிவு செய்தது அது. உடம்பு முதலில் செய்யும் எதிர்ப்புப் புரதமான ஐஜிஎம் வகையில் குறிப்பிட்ட 3 கோடுகளில் 2, பிறகு வந்து நிலைக்கும் ஐஜிஜி வகையில் குறிப்பிட்ட 10 கோடுகளில் 5 இருக்க வேண்டும். இப்போது பிளாட்டுக்குப் பதிலாக வேறொரு எலைசாவையே இரண்டாம் படியாகச் செய்யும் முறைக்கும் 2019ல் அமெரிக்க அனுமதி கிடைத்திருக்கிறது. இரண்டில் எது செய்தாலும் சரிதான்.

முக்கியமானது இது. நோய் தொடங்கி நான்கு வாரம் தாண்டிவிட்டால் ஐஜிஎம் முடிவைக் கணக்கில் எடுக்கக் கூடாது. ஐஜிஜி மட்டும்தான். லைம் கிருமி மூட்டு வரைக்கும் போன ஒருவருக்கு ஐஜிஜி அனேகமாக எப்போதும் அழுத்தமாகப் பாசிட்டிவாக இருக்கும். உங்கள் மகள் இதுவரை ஆன்டிபயாடிக் எதுவும் சாப்பிடவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அதுவும் நல்ல தகவல், ஏனென்றால் ஆரம்பத்திலேயே மருந்து சாப்பிட்டவர்களுக்கு ஐஜிஜி எழும்பாமலே போகலாம். ஆகவே இப்போது எடுத்து ஐஜிஜி நெகட்டிவ் என்றால், முழங்கால் வீக்கத்துக்கு வேறு காரணம் தேடுவதுதான் நியாயம். இந்தத் தடவை நெகட்டிவுக்கு மதிப்பு உண்டு.

பாசிட்டிவ் தாளும் சில நேரம் ஆளைக் கெடுக்கும். எனக்குத் தெரிந்த ஒரு ஓய்வு பெற்ற ஆசிரியர். பக்கத்துத் தாய்லாந்தின் ஹாட்யாயைத் தாண்டி எங்கும் போகாதவர். விரல் மூட்டு வலி, அசதி. யாரோ சொல்லி வெளிநாட்டுப் பரிசோதனைக் கூடம் ஒன்றுக்கு ரத்தம் அனுப்பினார். ஐஜிஎம் மட்டும் பாசிட்டிவ். ‘நாள்பட்ட லைம்’ என்று ஒரு சிகிச்சையாளர் புட்டி புட்டியாகக் கொடுத்தார். ஒரு வருடம் போனது. என்னிடம் தாளைக் கொண்டுவந்தபோது நான் முதலில் பார்த்தது விரல்களை. காலையில் மடக்க முடியவில்லை என்றார். முடக்குவாதம், ரூமட்டாய்ட். அந்த நோயில் ரத்தத்தில் இருக்கும் ஒரு காரணி ஐஜிஎம் பரிசோதனையைப் பொய்யாகப் பாசிட்டிவ் காட்டச் செய்யும் என்பது எங்கள் தொழிலில் பாலபாடம். அந்த ஒரு வருடத்தில் தேய்ந்த மூட்டு திரும்பி வரவில்லை.

மேகநோய் என்ற சிபிலிஸ், எலிக்காய்ச்சல், சுரப்பிக் காய்ச்சல் வந்தவர்களுக்கும் இப்படிக் குறுக்கே பாசிட்டிவ் வரலாம். எலிக்காய்ச்சல் கிருமியும் சுருள் கிருமிதான், நம் ஊரில் வெள்ளம் வடிந்த பிறகு எத்தனை பேருக்கு வருகிறது! கணக்காகப் பாருங்கள். நூற்றுக்கு இரண்டு பேருக்குத் தவறாகப் பாசிட்டிவ் காட்டும் பரிசோதனை ஒன்று என்று வைத்துக்கொள்வோம். நோயே இல்லாத 1000 பேருக்குச் செய்தால் 20 பேர் நோயாளியாகிவிடுவார்கள், அத்தனையும் பொய். மலேசியாவை விட்டே போகாத, அசதி மட்டும் உள்ள ஒருவருக்கு இந்தப் பரிசோதனை வேண்டாம் என்று நான் சொல்வது அதனால்தான். நம் ஊர் உண்ணியில் ஒன்றுமே இல்லை என்று சொல்ல வரவில்லை. 2018ல் மலாயாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் எலிகளில் இருந்து எடுத்த உண்ணிகளில் லைம் கூட்டத்தைச் சேர்ந்த ஒரு பொரிலியாவைக் கண்டார்கள். ஆனால் உண்ணியில் கண்டது வேறு, ஆளுக்கு நோயாக வந்தது வேறு. உங்கள் வீட்டு நாயின் காதில் ஒட்டியிருக்கும் பழுப்பு உண்ணி லைமைப் பரப்புவதும் இல்லை.

இன்னொன்று. லைம் வந்து நன்றாகக் குணமான பிறகும் எதிர்ப்புப் புரதம் வருடக்கணக்கில் ரத்தத்தில் நிற்கும். மருந்து முடிந்ததும் ‘போய்விட்டதா பார்க்கலாம்’ என்று மறுபடி எடுக்காதீர்கள். பாசிட்டிவ்தான் வரும், தூக்கம்தான் போகும்.

அப்புறம் மூலிகை. இதில் எனக்கு இரண்டு பக்கத்தார் மேலும் வருத்தம். ‘எல்லாம் ஏமாற்று’ என்கிறவரும் படிக்கவில்லை, ‘ஆய்விலேயே நிரூபித்துவிட்டார்கள்’ என்கிறவரும் முழுதாகப் படிக்கவில்லை.

லைமுக்கு மூலிகை என்று இன்று உலகம் முழுக்க ஓடும் பட்டியல் பெரும்பாலும் ஸ்டீபன் பூனர் என்ற அமெரிக்க மூலிகையாளர் எழுதியதிலிருந்து வந்தது. அவர் டாக்டர் இல்லை, 2022ல் காலமானார். அவருடைய பட்டியலின் தலைப்பில் மூன்று பேர்: ஜப்பானிய நாட்வீட், பூனை நகம், ஆண்ட்ரோகிராஃபிஸ். கடைசிப் பெயர் வேறு யாரும் இல்லை, நம் நிலவேம்புதான். மலாயில் ஹெம்பெடு பூமி, பூமியின் பித்தம் என்று அர்த்தம், குடித்தவர்கள் வைத்த பெயர். நாட்வீட்டின் வேரை பினாங்கில் சீன மருந்துக் கடையில் ஹூ ஜாங் என்று கேட்டால் சின்சே எடுத்துத் தருவார். பூனை நகம் பெரு நாட்டுக் காட்டுக் கொடி. மலாய்ப் பாட்டிகள் வெற்றிலையோடு மெல்லும் கம்பீரின் நெருங்கிய சொந்தம். 680 வெள்ளிக்கு வருகிற விருந்தாளியின் தாயாதி இங்கேயே வேலியோரம் நிற்கிறது என்று சிரித்துக்கொண்டேன்.

2020ல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் யிங் சாங் என்பவரின் குழு இந்த மூலிகைகளைச் சோதனைக் குழாயில் வைத்துப் பார்த்தது. வளரும் கிருமியோடு, வளராமல் உறங்கிக் கிடக்கும் கிருமியையும் வைத்தார்கள். உறங்குவதைக் கொல்வதுதான் கடினம். ஏழு மூலிகைகள் நன்றாக வேலை செய்தன. நாட்வீட், பூனை நகம், கருப்பு வால்நட், இனிப்பு மாசிபத்திரி என்று சொல்லும் ஆர்ட்டிமீசியா ஆகியவை அதில் உண்டு. எல்லாவற்றிலும் மேலாக வந்தது கிரிப்டோலெபிஸ், மேற்கு ஆப்பிரிக்காவில் மலேரியாவுக்குக் குடிக்கும் வேர். அது மட்டும்தான் கிருமியை மறுபடி முளைக்காதபடி முழுதாக ஒழித்தது. நிலவேம்பு? உறங்கும் கிருமியிடம் அதற்குப் பலன் கொஞ்சம்தான் அல்லது இல்லவே இல்லை என்று அதே ஆய்வு எழுதியிருக்கிறது. விற்பவர்கள் முதல் பாதியை ஒட்டி வைப்பார்கள், இந்த வரியை வைக்க மாட்டார்கள். பட்டியலில் நிலவேம்பைச் சேர்த்தே விற்பார்கள்.

அதே ஆய்வில் இன்னொரு வரி இருக்கிறது, அதை நான் பல தடவை யோசித்திருக்கிறேன். டாக்ஸிசைக்கிளின், செஃபுராக்ஸிம் என்ற இரண்டு ஆன்டிபயாடிக்குகளையும் ஒப்பிடுவதற்காகக் குழாயில் விட்டார்கள். அவையும் உறங்கும் கிருமியை முழுதாக ஒழிக்கவில்லை. ‘பார்த்தீர்களா, இங்கிலீஷ் மருந்து தோற்றது’ என்று இதைக் கொண்டாடுகிறவர்கள் உண்டு. ஆனால் தோலில் வட்டத்தோடு வருபவர்களுக்கு 10 முதல் 14 நாள் டாக்ஸிசைக்கிளின் கொடுத்தால் பெரும்பாலோர் குணமாகிவிடுகிறார்கள், இது மனிதர்களிடம் பல வருடம் பார்த்த விஷயம். குழாயில் தோற்ற மருந்து ஆளிடம் ஜெயிக்கிறது. குழாயில் நோய் எதிர்ப்புச் சக்தி இல்லை, ஈரல் இல்லை, குடல் இல்லை. அப்படியானால் குழாயில் ஜெயித்த மூலிகை ஆளிடம் ஜெயிக்கும் என்று மட்டும் எதை வைத்துச் சொல்வது? குடித்த சாறு குடலில் உடைந்து, ஈரலைத் தாண்டி, முழங்காலுக்குப் போய்ச் சேரும்போது அந்த அளவு மிச்சம் இருக்குமா? அதற்கு லைம் நோயாளிகளிடம் செய்த முறையான ஒப்பீட்டுச் சோதனை வேண்டும். இந்த மூலிகைகளுக்கு அது நடந்து, இது குணமாக்கும் என்று காட்டியதாக ஒன்றும் கிடையாது.

மூலிகை மருந்தாக முடியாது என்பது என் கட்சி இல்லை. ஆர்ட்டிமீசியாவிலிருந்துதான் சீனாவின் டூ யூயூ மலேரியா மருந்தைப் பிரித்தெடுத்து 2015ல் நோபல் வாங்கினார். டாக்ஸிசைக்கிளின் வரும் வம்சமே மண்ணில் வாழும் நுண்ணுயிரிலிருந்து தொடங்கியது. செடியாக இருந்தால் என்ன, மண்ணாக இருந்தால் என்ன, எவ்வளவு கொடுத்தால் யாருக்குக் கேட்டது என்று ஆளிடம் பார்த்திருக்கிறார்களா என்பதுதான் கேள்வி.

விற்பவர் இன்னொன்றும் சொல்வார், காதில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ‘குடித்ததும் உடம்பு மோசமானால் பயப்படாதே, கிருமி செத்து விஷம் வெளியேறுகிறது.’ இதற்கு ஒரு உண்மை வேர் உண்டு. சுருள் கிருமி நோய்களில் ஆன்டிபயாடிக் தொடங்கிய முதல் நாளில் சிலருக்குக் காய்ச்சல், குளிர், வலி ஏறி, ஒரு நாளில் அடங்கும். ஹெர்க்ஸ்ஹைமர் விளைவு என்பார்கள். அது ஒரு நாள் சமாசாரம். மூன்று வாரமாக வாந்தி, அரிப்பு, மஞ்சள் கண் என்றால் அது விஷம் வெளியேறுவது அல்ல, புட்டி ஒத்துக்கொள்ளவில்லை.

நிலவேம்புக்கும் குணம் இருப்பது போலவே சேட்டையும் உண்டு. சர்க்கரையையும் ரத்த அழுத்தத்தையும் இறக்கும், ரத்தம் உறைவதையும் கொஞ்சம் தடுக்கும். அந்த நோய்களுக்கு மாத்திரை சாப்பிடும் பெரியவர்கள் கவனிக்க வேண்டும். கர்ப்பிணிகள் தொடவே கூடாது. அரிதாகக் கடுமையான ஒவ்வாமை வரும் என்று ஆஸ்திரேலிய மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2015லேயே எச்சரித்திருக்கிறது. சித்த மருத்துவத்தில் நிலவேம்புக் குடிநீர் என்பது தனி நிலவேம்பு அல்ல. வெட்டிவேர், விலாமிச்சை, சந்தனம், பேய்ப்புடல், கோரைக்கிழங்கு, சுக்கு, மிளகு, பற்படாகம் சேர்ந்து ஒன்பது சரக்கு. அது காய்ச்சலுக்கான மருந்து. உங்கள் மகளுக்கு இப்போது காய்ச்சலே இல்லையே.

புட்டி வாங்குவதாக இருந்தால் லேபிளைப் பாருங்கள். மலேசியாவில் பதிவான பாரம்பரிய மருந்தில் மால் என்று தொடங்கி எட்டு இலக்கம், கடைசியில் டி என்ற எழுத்து இருக்கும், பளபளக்கும் ஃபார்மாடேக் ஒட்டும் இருக்கும். எண்ணை, மருந்துகளைப் பதிவு செய்யும் அரசு அமைப்பான என்பிஆர்ஏவின் குவெஸ்ட் 3 பிளஸ் இணையத் தேடலில் அடித்தால் பொருளின் பெயர் வர வேண்டும். பதிவு என்பது ‘கேட்கும்’ என்ற சான்று அல்ல. அதில் ஈயம், பாதரசம், கலப்பட மருந்து இருக்கக் கூடாத அளவில் இல்லை என்ற பாதுகாப்பு மட்டுமே. மூட்டு வலிக்கு விற்கும் பதிவில்லாத ஜாமு என்ற மலாய் நாட்டு மருந்துகளில் டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டைக் கலப்பது பழைய கதை. அதைக் குடித்தால் முழங்கால் இரண்டே நாளில் வற்றிவிடும். ‘மூலிகை அற்புதம்’ என்பீர்கள். உள்ளே கிருமி இருந்தால் அதற்கும் அற்புதம்தான்.

மாத்திரையோடு சேர்த்துக் கொடுக்கலாமா என்ற கேள்விக்கு வருகிறேன். ரத்த முடிவு பாசிட்டிவாகி, டாக்டர் லைம் மூட்டு வீக்கம் என்று முடிவு செய்தால் வழக்கமாக 28 நாள் டாக்ஸிசைக்கிளின். அந்த 28 நாளும் மூலிகை வேண்டாம் என்பது என் கருத்து. ஒரு காரணம், தோலில் தடிப்போ வாந்தியோ வந்தால் எது செய்தது என்று யாராலும் சொல்ல முடியாது, நல்ல மருந்தை நிறுத்திவிடுவார்கள். இன்னொரு காரணம் வேதியியல். இரும்பு, சுண்ணாம்புச் சத்து, துத்தநாகம் எல்லாம் டாக்ஸிசைக்கிளினைக் குடலிலேயே பிடித்துக் கட்டிவிடும், ரத்தத்துக்குப் போகாது. அயச்செந்தூரம் இரும்புதான். சங்கு பற்பம் சுண்ணாம்புச் சத்துதான். சத்து மாத்திரையும் வயிற்றெரிச்சல் மருந்தும் அப்படியே. இரண்டு மூன்று மணி நேரமாவது இடைவெளி வேண்டும். காலையில் மாத்திரையைப் போட்டு மேலே மைலோவோ தே தாரிக்கோ ஊற்றும் பழக்கம் நம் வீடுகளில் உண்டு, பாலும் ஓரளவு குறைக்கும். ஒரு தம்ளர் பச்சைத் தண்ணீர் போதும். போட்டதும் படுக்கக் கூடாது, தொண்டைக் குழாயில் நின்று புண்ணாக்கிவிடும். நம் ஊர் வெயிலில் தோலும் சீக்கிரம் கருகும், குடை எடுத்துப் போகச் சொல்லுங்கள்.

லைம் இல்லை என்று வந்தால் என்ன பார்ப்பது என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ஆறேழு வாரமாக அவள் நம் கொசுவோடும்தான் வாழ்ந்திருக்கிறாள். மூட்டு வலிக்கு சிக்குன்குன்யா. அசதிக்கு தைராய்டு, ரத்தசோகை. இளம்பெண் என்பதால் லூபஸ், முடக்குவாதம் இரண்டையும் டாக்டர் கேட்பார். திரும்பி வந்தபின் கொடிமலை ஏறினாளா, காட்டுப் பக்கம் போனாளா, காய்ச்சல் இருந்ததா என்பதும் முக்கியம். அப்படி என்றால் புதர்க்காட்டு டைஃபஸ். சிகரெட்டால் சுட்ட மாதிரி ஒரு கருப்புப் பொருக்கு இடுப்பு மடிப்பிலோ அக்குளிலோ ஒளிந்திருக்கும். மலேசியாவில் ஒட்டுண்ணி கடித்து வரும் நோய் என்றால் இதைத்தான் முதலில் நினைக்க வேண்டும். சொல்லப்போனால், குளோரம்ஃபெனிக்கால் என்ற ஆன்டிபயாடிக் இந்த நோயைக் குணமாக்கும் என்று 1948ல் ஜோசப் ஸ்மேடலின் குழு கண்டதே கோலாலம்பூரில், மருத்துவ ஆய்வுக் கழகத்தில் உட்கார்ந்துதான். இன்றைக்கு அதற்கும் டாக்ஸிசைக்கிளின்தான் கொடுக்கிறார்கள்.

போகும்போது வட்டத்தின் படத்தை எடுத்துப் போங்கள். போனில் தேதியோடு இருக்கும், அதை அழித்துவிடாதீர்கள். என்னைக் கேட்டால் எந்த ரத்தத் தாளையும் விட அந்தப் படம்தான் பெரிய சாட்சி. கனெக்டிகட்டில் இருந்த தேதிகளை ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள், எட்டாம் நாள் எடுத்த முடிவையும் கூட வையுங்கள். பக்கத்துக் கிளினிக்கில் லைம் என்றால் ‘இங்கே கிடையாதும்மா’ என்று சொல்லக்கூடும், அவர் சொல்வதும் தப்பில்லை. தொற்றுநோய் நிபுணருக்குக் கடிதம் எழுதித் தரக் கேளுங்கள். மயக்கம், மூச்சு வாங்கல், நெஞ்சு படபடப்பு, முகம் ஒரு பக்கம் கோணுவது, இதில் எது வந்தாலும் கடிதத்துக்குக் காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள். இந்தக் கிருமி இதயத்தின் மின்னோட்டத்தையும் முக நரம்பையும் தொடும்.

நாத்தனாரிடம் சண்டை வேண்டாம். பிள்ளைக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்றுதான் அவர் துடிக்கிறார். சோதனைக் குழாயில் பூண்டு எண்ணெயும் லைம் கிருமியை நன்றாகவே கொன்றது என்று அதே யிங் சாங் குழு 2018ல் எழுதியிருக்கிறது. அதுவும் குழாயில்தான். ஆனால் பூண்டு ரசம் வைத்துக் கொடுத்தால் மாத்திரைக்கு ஒரு கெடுதலும் இல்லை, பிள்ளையும் சோறு சாப்பிடுவாள். நிலவேம்பை இப்போதைக்கு அடுப்பிலிருந்து இறக்கிவிட்டு ரசத்தை ஏற்றச் சொல்லுங்கள்.